ரூட் என்ற ஆளைத் தேடிய மாதம்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் புதிய சேர்வர் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் பெண் தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, "அக்கா, நேரடி ரூட் நுழைவைப் பூட்டுறதுக்கு நீங்கள் அந்த நேரம் பெரிய சண்டை பிடிச்சனீங்களாம். இது வரேக்கையே பூட்டித்தான் வந்தது. நாங்கள் ஒண்டும் மாத்தேல்ல" என்றாள். நான் சிரித்தேன். சேர்வரின் நுழைவு விதிகளில் ஒரே ஒரு வரியில் "ஆம்" என்று இருந்ததை "இல்லை" என்று மாற்றிய நாள் என் வேலைக்காலத்தில் மறக்க முடியாத நாள். அதைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரூட் என்பது சேர்வரில் முழு அதிகாரமும் கொண்ட பயனரின் பெயர். அந்தப் பெயரில் உள்ளே போனவர் எதையும் ஆக்கலாம், எதையும் அழிக்கலாம். ஏன் என்று சேர்வர் கேட்காது. தூரத்தில் இருந்துகொண்டு நேரே அந்தப் பெயரிலேயே உள்ளே போக விடுவதா, இல்லை ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரில் நுழைந்து, தேவைப்படும்போது மட்டும் அந்த அதிகாரத்தைக் கேட்டு எடுப்பதா? கேள்வி இவ்வளவுதான். இந்தக் கேள்விக்குள் ஒரு மனிதரின் வேலை சிக்கிக்கொண்டது.

நான் கொழும்பில் ஒரு டிப்ளோமா முடித்து, திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன். கப்பலில் வரும் சரக்கை இறக்கி, லொறிகளில் ஏற்றி அனுப்புவது அவர்களுடைய தொழில். முதலில் சரக்குப் பட்டியல்களைத் தட்டச்சு செய்தேன். பிரிண்டர் திருத்தத் தெரிந்திருந்ததால் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரிண்டரில் இருந்து வலையமைப்புக்கும், அதில் இருந்து சேர்வருக்குமாக நகர்ந்தேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது ரவூப் சேரைப் பற்றி.

ரவூப் சேர் எங்கள் பிரிவின் தலைவர். கிண்ணியாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். வந்ததும் பால் விடாத பிளேன்ரீ ஒன்றை மேசையில் வைத்து, அது முழுக்க ஆறும்வரை தொடமாட்டார். எவ்வளவு பெரிய பிரச்சினையைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நித்திரையாகிவிட்டாரோ என்று நாம் நிறுத்தினால், "ம், பொறகு?" என்பார். அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. சேர்வரில் ஒரு கட்டளையைத் தட்டினால் உடனே என்டரை அழுத்தக்கூடாது. கையை விசைப்பலகையில் இருந்து எடுக்க வேண்டும். தட்டியதை வாய்விட்டு, எழுத்தெழுத்தாக, இடைவெளிகள் உட்பட வாசிக்க வேண்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் என்டர். வந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் இல்லாத நேரத்திலும் நான் தனியே வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பிரிவில் மூன்றாவது ஆள் நிர்மலன். கிளிவெட்டிக்காரன். தகப்பன் வயல் செய்பவர். நான் ஒரு கோளாற்றைப் பிடிக்க அரை நாள் எடுத்தால், அவன் தேநீர் குடிக்கும் நேரத்தில் பிடித்துவிடுவான்.

சேர்வர் எங்கள் கட்டடத்திலேயே இருந்தவரை ரூட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பிறகு நிறுவனம் அதைக் கொழும்பில் ஒரு தரவு நிலையத்துக்கு மாற்றியது. அன்று முதல் நாங்கள் மூவரும் திருகோணமலையில் இருந்து இணையம் வழியாகத்தான் உள்ளே போனோம். மூவரும் ரூட் என்ற ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் போனோம். சேர்வர் கட்டடத்தில் இருந்த காலத்தில் இருந்தே அந்தச் சொல்லை மாற்றவில்லை. "இதைப் பூட்டி ஆளுக்கொரு பெயர் வைப்பம் சேர்" என்று நான் கேட்டபோது ரவூப் சேர் கண்ணைத் திறந்தார்.

"இறங்குதுறையில கப்பல் நிக்கும், கேற்ல லொறி நிக்கும். அந்த நேரம் ரெண்டு கதவு திறந்துக்கிட்டு நிக்க ஏலுமா கௌரி? ஒரு நாளைக்கு நம்மட பெயருக்கான கணக்கே வேலை செய்யாட்டி என்ன செய்ற? ரூட்டுதான் கடைசிக் கதவு. அதையும் பூட்டிட்டு வெளியில நிக்கச் சொல்றீங்களா?"

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. என் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

சிறுபோக நெல்லுக்கு உரக் கப்பல் வந்த காலம் அது. யூரியா மூட்டைகளை ஏற்றத் தம்பலகாமத்தில் இருந்தும் மூதூர்ப் பக்கத்தில் இருந்தும் லொறிகள் விடியமுன்னரே வந்து வரிசையில் நின்றன. ஒவ்வொரு லொறிக்கும் எங்கள் சேர்வரில் இருந்து ஒரு அனுமதிச் சீட்டு அச்சாகி வரவேண்டும். வராவிட்டால் கேற் திறக்காது. மாதத்தின் முதல் வேலை நாள். காலையில் பிரிண்டர் சிக்கியது. நிர்மலன் ரூட்டாக உள்ளே போய் அதைத் திருத்தினான், இரண்டு சீட்டுகள் ஒழுங்காக வந்தன. மூன்றாவது வரவில்லை. பார்த்தால், அனுமதிச் சீட்டுகள் இருந்த கோப்புறை வெறுமையாகக் கிடந்தது. அத்தனையும் போய்விட்டிருந்தது.

முந்தின நாள் எடுத்து வைத்த பிரதியில் இருந்து எல்லாவற்றையும் மீட்க மத்தியானம் தாண்டியது. அதற்குள் லொறி வரிசை துறைமுகத்து மதிலைத் தாண்டி நகருக்குள் போய்விட்டது. மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் காற்று தூசியை அள்ளி வீச, சாரதிகள் கேற்றைப் பிடித்து உலுக்கினார்கள். வெட்டவெளியில் நின்ற ஒரு சாரதி நிர்மலனை அடையாளம் கண்டு, "தம்பி, உன்ர அப்பாவின்ர வயலுக்கும் இதிலதான் உரம் போகுது" என்று சத்தம் போட்டார். நிர்மலன் தலையைக் குனிந்துகொண்டான்.

பின்னேரம் முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டார். யார் எப்போது நுழைந்தார் என்று சேர்வர் குறித்துவைக்கும் பதிவைத் திறந்து காட்டினோம். அழிவு நடந்த நேரத்தில் உள்ளே இருந்தவர் ரூட். எங்கிருந்து வந்தார்? எங்கள் அலுவலகத்தின் இணைய முகவரியில் இருந்து. அந்த ஒரே முகவரியால்தான் அலுவலகத்துக் கணினிகள் அத்தனையும் வெளியே போகும். ஆகவே எந்த மேசை என்று தெரியாது.

"அந்த நேரம் சேர்வரில வேலை செய்தது யார்?" என்று முகாமையாளர் கேட்டார்.

"நான்தான் சேர். ஆனா நான் பிரிண்டர் வேலை மட்டும்தான் பாத்தனான். அந்தக் கோப்புறைப் பக்கமே போகேல்ல" என்றான் நிர்மலன்.

"அப்ப யார் அழிச்சது?"

நிர்மலனை வேலையில் இருந்து நிறுத்தி, அடுத்த மாதம் விசாரணை வைப்பதாக முகாமையாளர் சொன்னார். பிரிவுத் தலைவர் என்ற முறையில் அந்தப் பணிநிறுத்தக் கடிதத்தில் ரவூப் சேர் கையொப்பம் இட வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு, "பதிவில நிர்மலன் எண்டு இல்ல. ரூட் எண்டுதான் கிடக்கு. கடிதம் குடுக்கிறதெண்டா ரூட் எண்ட ஆளுக்குக் குடுங்க. அதில நான் கையெழுத்து வெக்கிறன்" என்றார். முகாமையாளர் முகம் சிவந்து, தானே கையொப்பமிட்டார்.

நிர்மலன் தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனான். அவனுடைய கதிரை வெறுமையாக இருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"சேர், அந்தப் பெடியனைக் காப்பாத்தவும் எங்களால ஏலாது, பிழை எண்டு சொல்லவும் ஏலாது. மூண்டு பேரும் ஒரே பேரில போனா, ஒருத்தர் செய்தது மூண்டு பேரிலயும் விழும். இண்டைக்கு அவன். நாளைக்கு நான். இதுக்குப் பிறகும் அந்தக் கதவைத் திறந்து வைக்கப் போறீங்களா?"

ரவூப் சேர் ஆறிப்போன பிளேன்ரீயை ஒரே மூச்சில் குடித்தார். "ரெண்டு விஷயம்" என்றார். "கொழும்பில தரவு நிலையத்துக்குள்ள போய், சேர்வருக்கு முன்னால நிண்டு ரூட்டா நுழையிற வழி இருக்கோணும். அதை மூடக்கூடாது. அடுத்தது, பூட்டேக்க நான் உங்களுக்குப் பக்கத்தில இருப்பன்."

கப்பல் எதுவும் இல்லாத ஒரு போயா நாளை, பௌர்ணமி விடுமுறையை, தெரிவுசெய்தோம். அலுவலகத்தில் காவலாளியையும் எங்களையும் தவிர யாரும் இல்லை. மூவருக்கும் சொந்தப் பெயரில் கணக்குகளை ஏற்கெனவே உருவாக்கியிருந்தேன். நிர்மலனுக்கும் ஒன்று. அதை நீக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் நீக்கியிருக்கமாட்டேன். கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஆளுக்கொரு டிஜிட்டல் சாவி வைத்தேன்.

இந்த வேலையில் ஒரு பொன்விதி உண்டு. பூட்டை மாற்றும்போது, உள்ளே இருக்கும் ஆள் வெளியே வரக்கூடாது. திரையில் ஒரு ஜன்னலில் ரூட்டாக உள்ளே இருந்தபடியே மாற்றத்தைச் செய்ய வேண்டும். பிறகு இரண்டாவது ஜன்னலைத் திறந்து, புதிய வழியால் உள்ளே போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அது நிச்சயமாகும்வரை முதல் ஜன்னலை மூடக்கூடாது.

அந்த வரியில் "ஆம்" இருந்த இடத்தில் "இல்லை" என்று மாற்றினேன். வாசித்தேன். சேர் தலையாட்டினார். எழுத்துப் பிழை இல்லை என்று சேர்வரிடமே சோதித்துக்கொண்டேன். நுழைவுச் சேவையைப் புதிய விதிகளை எடுக்கச் செய்தேன். இரண்டாவது ஜன்னலைத் திறந்து கௌரி என்ற என் பெயரில் தட்டினேன்.

அனுமதி மறுக்கப்பட்டது.

திரும்பத் தட்டினேன். மறுக்கப்பட்டது. ரூட்டின் கதவைப் பூட்டியாகிவிட்டது, என் கதவு திறக்கவில்லை. எங்களுக்கும் சேர்வருக்கும் இடையில் இருந்தது முதல் ஜன்னல் ஒன்றுதான். அது அறுந்தால் போயா நாளில் கொழும்பில் ஆளைப் பிடித்துத் தரவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் காலையில் அடுத்த கப்பல்.

அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று மின்கம்பிகளை உலுப்பியது. விளக்குகள் அணைந்தன. மேசைக்குக் கீழே யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. அதன் பற்றரி எவ்வளவு பழையது என்று இருவருக்கும் தெரியும்.

"அந்த ஜன்னல மூடிடாதீங்க" என்றார் சேர், மெல்ல. அவர் குரல் அப்போதும் உயரவில்லை.

முதல் ஜன்னலில் பதிவைத் திறந்தேன். காரணம் அங்கே இருந்தது. சாவி வைத்த என் கோப்புறை, மற்றவர்களும் மாற்றலாம் என்ற நிலையில் இருந்தது, அப்படி இருந்தால் சேர்வர் அந்தச் சாவியை நம்பாது. ஒரே ஒரு கட்டளையில் சரிசெய்யலாம். வேகமாகத் தட்டினேன். யூபிஎஸ்ஸின் சத்தம் இடைவிடாமல் வரத் தொடங்கியது. என் விரல் என்டருக்குப் போய்விட்டது.

"கையை எடுங்க" என்றார் ரவூப் சேர். "வாசிங்க."

"சேர், கரண்ட்..."

"வாசிங்க கௌரி."

வாசித்தேன். பாதி வாசிக்கும்போதே அவர் விரலை நீட்டினார். "அந்தச் சாய்கோட்டுக்குப் பொறகு ஒரு இடைவெளி கிடக்கு."

அந்த ஒற்றை இடைவெளியோடு என்டரை அழுத்தியிருந்தால், என் கோப்புறைக்கு என்று நினைத்தது முழுச் சேர்வருக்கும் போயிருக்கும். இயந்திரமே எழும்பியிருக்காது. இடைவெளியை அழித்தேன், மறுபடி வாசித்தேன். அவர் தலையாட்டினார். என்டர். இரண்டாவது ஜன்னலில் தட்டினேன்.

உள்ளே விட்டது. வரவேற்பு வரியில் என் பெயர். வெறும் ரூட் இல்லை, கௌரி. அங்கிருந்து ரூட்டின் அதிகாரத்தைக் கேட்டேன், தந்தது. மூன்றாவது ஜன்னலில் நேரே ரூட் என்று தட்டிப் பார்த்தேன், மறுத்தது. எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. சேர் சிரித்துக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்குள் யூபிஎஸ் மூச்சை விட்டது, திரை கறுத்துப்போனது. நாங்கள் இருவரும் அந்த இருட்டுத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பூட்டிய கதவுக்கு ஒரு குணம் இருக்கிறது. தட்டுகிறவர்களை அது காட்டிக்கொடுக்கும். அடுத்த நாளில் இருந்து மறுக்கப்பட்டவர்களின் பதிவைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எந்தெந்த நாட்டில் இருந்தோ முன்பின் தெரியாதவர்கள் ரூட், ரூட் என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு பேரா இத்தனை காலமும் வாசலில் நின்றார்கள் என்று திகைத்தேன். எங்கள் அலுவலகத்து ரவுட்டரிலும், எந்தக் கணினி வெளியே போகிறது என்பதைப் பதியும்படி மாற்றிவிட்டேன்.

அடுத்த மாதம் பிறந்தது. விசாரணை அந்த வாரம்தான். முதல் வேலை நாள் காலை, ரவூப் சேர் பிளேன்ரீ ஆறக் காத்திருந்தார், நான் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு முகவரிகளுக்கு நடுவில் ஒரு வரி வந்தது. ரூட். மறுக்கப்பட்டது. முகவரி எங்களுடையது.

"சேர், நீங்கள் ஏதும் தட்டினீங்களா?"

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். என் கைகளும் மடியில் இருந்தன. நிர்மலன் கிளிவெட்டியில் இருந்தான். திரையில் இன்னொரு வரி விழுந்தது. ரூட். மறுக்கப்பட்டது. பிறகு இன்னொன்று. யாரோ எங்கள் கட்டடத்துக்குள் இருந்துகொண்டு விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரவுட்டரைத் திறந்தேன். தட்டும் கணினியின் உள்முகவரி கிடைத்தது. அந்த முகவரி உள்ள கணினி எங்கள் பட்டியலிலேயே இல்லை. "அப்ப வயரப் பிடிச்சுப் போவம்" என்று சேர் எழுந்தார். நடைபாதையில் இருந்த வலையமைப்புப் பெட்டியைத் திறந்து, கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் போட்டார். நான் என் மேசையில் இருந்து அந்த முகவரியைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இருக்கு" என்று கத்தினேன். அடுத்ததைக் கழற்றினார். "இருக்கு சேர்." கணக்குப் பிரிவில் இருந்து "நெற் இல்ல" என்று ஒருவர் கூப்பிட்டார். "பொறுங்க" என்றார் சேர், தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் குரலை உயர்த்தி. "இருக்கு... இருக்கு..."

பிறகு பதில் வரவில்லை.

"நிண்டிட்டுது சேர்!"

அந்தக் கேபிள் கூரைக்கு மேலால் ஓடிப் பின்பக்கம் போனது. நாங்கள் இருவரும் அதற்குக் கீழே ஓடினோம். தேநீர் ஊற்றும் குசினிக்குப் பக்கத்துக் களஞ்சிய அறையில், பழைய அலுமாரி ஒன்றின் பின்னால் அது இறங்கியது. அலுமாரியை இழுத்தோம். திரையும் இல்லாமல், விசைப்பலகையும் இல்லாமல், தூசி மூடிய ஒரு கணினி தரையில் இருந்தது. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

என் திரையையும் விசைப்பலகையையும் கொண்டுவந்து அதில் இணைத்தோம். அதில் ஒரே ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. மாதத்தின் முதல் வேலை நாளில் ரூட்டாகச் சேர்வருக்குள் போய், ஒரு கோப்புறையை வெறுமையாக்குவது. பழைய சேர்வரில் அந்தப் பெயருள்ள கோப்புறையில் காலாவதியான சீட்டுகள்தான் கிடந்தன. கொழும்புக்கு மாறியபோது அதே பெயரில் புழக்கத்தில் உள்ள சீட்டுகளை வைத்துவிட்டோம். மாறிய பிறகு வந்த முதல் மாதத்தில் அது தன் கடமையைச் செய்துவிட்டது. நாங்கள் அந்தக் கடவுச்சொல்லை மாற்றாதவரை அதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை.

எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. நிர்மலன் பிழை செய்யவில்லை. திரும்பிப் பார்த்தேன். ரவூப் சேர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"இதை வெக்கச் சொன்னது நான்தான் கௌரி" என்றார். "டிஸ்க் நிரம்புது எண்டு ஒரு கொந்தராத்துக்காரனைக் கொண்டு வெச்சது. அவனும் போயிட்டான். நானும் மறந்துட்டன்."

நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் காத்திருக்கவில்லை. சட்டையில் இருந்த தூசியைத் தட்டாமலேயே முகாமையாளரின் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அவர் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"நிர்மலன் பிரிண்டரத்தான் திருத்தினவர். அவர் சொன்னது முழுக்க உண்மை. அழிச்சது நான் வெச்ச மெசின். கடிதத்தை இப்ப என்ட பெயருக்கு எழுதுங்க."

முகாமையாளர் கடிதம் எழுதவில்லை. நிர்மலனைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார். "நான் கதைக்கிறன் சேர்" என்று ரவூப் சேர் கையை நீட்டி அதை வாங்கினார்.

இதற்குப் பிறகு நான் வேறு சேர்வர்கள் பல பார்த்தேன். எங்கும் முதல் வேலையாக நேரடி ரூட் நுழைவைப் பூட்டினேன். ஆனால் ரவூப் சேர் கேட்ட கடைசிக் கதவையும் நான் எங்கும் மூடியதில்லை. ஒரு மாரிக் காலத்தில் டிஸ்க் பழுதாகி எங்கள் சொந்தக் கணக்குகள் எதுவும் திறக்காமல் போனபோது, கொழும்பில் ஒருவரைச் சேர்வருக்கு முன்னால் நிறுத்தித்தான் உள்ளே போனோம். எங்கள் சண்டையில் இரண்டு பேரும் பாதிப்பாதி சரி.

அந்தத் தொலைபேசி அழைப்புக்கு மறுநாள் காலை நிர்மலன் வந்தான். கையில் ஒரு தயிர்ச் சட்டி. அவன் தாய் கொடுத்துவிட்டாவாம். அதை என் மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றான்.

"அக்கா, சேர், ஒண்டு கேக்கட்டா? நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டனீங்களா?"

ரவூப் சேர்தான் சொன்னார்.

"சந்தேகப்படுறதுக்கும் ஒரு ஆள் வேணும் தம்பி. அண்டைக்கு அந்தச் சேர்வரில நீங்களும் இல்ல, நானும் இல்ல, கௌரியும் இல்ல. ரூட் மட்டும்தான் இருந்த."

நிர்மலன் தன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். நான் உருவாக்கி வைத்திருந்த சாவியைக் கொடுத்தேன். அவன் உள்ளே போனான். வரவேற்பு வரி திரையில் வந்தது. அதில் அவன் பெயர் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப இருக்கிறன் சேர்" என்றான்.